கார் ஒண்ணுதான்... கை வேற!

பதினாலு வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க பாஸ்? அப்பாவோட டி.வி.எஸ். 50-யை தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வர்றதுக்கே ஒரு வாரம் கெஞ்சியிருப்பீங்க! அதே வயசுல இங்கிலாந்துல சில பசங்க, ரேஸ் டிராக்கில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கிறார்கள். இதில் செம காமெடி என்னன்னா, அங்கே ரோட்டில் கார் ஓட்ட 17 வயசு ஆகணும். அதனால் ரேஸ் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சமர்த்தாக அம்மா ஓட்டுற காரில் ஏறித்தான் வீட்டுக்குப் போகணும்!

இந்த வாண்டுகளின் களம், 'ஜினெட்டா ஜூனியர்' ரேஸ். 14 முதல் 17 வயசு வரை உள்ளவர்களுக்கு மட்டும். ஜினெட்டா என்பது 1958-ல் வாக்லெட் சகோதரர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி. கோ-கார்ட்டில் சுற்றிக்கொண்டிருந்த பசங்க, முதன்முதலாக நிஜ காருக்கு மாறுகிற வாசல் இது.

எல்லோருக்கும் ஒரே கொஸ்டின் பேப்பர்!

இதை 'ஒன் மேக்' ரேஸ் என்பார்கள். அதாவது, களத்தில் இருக்கிற அத்தனை காரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அதே இன்ஜின், அதே டயர். யாரும் ராத்திரியோடு ராத்திரியாக இன்ஜினைப் பிரித்து 'கைவேலை' காட்டிவிடக் கூடாது என்று சீல் வேறு வைத்துவிடுவார்கள். 'அவன் வண்டி ஸ்பீடு மச்சி, அதான் ஜெயிச்சுட்டான்' என்று கேன்டீனில் உட்கார்ந்து கதை விடவே முடியாது!

2014-ல் ஓடிய ஜி40 காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லிட்டர் ஃபோர்டு இன்ஜின். சக்தி வெறும் 100 குதிரைகள். 'அட, நம்ம ஊர் ரோட்டிலேயே அதைவிட வேகமான கார் ஓடுதே' என்கிறீர்களா? சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பவர் நிறைய இருந்தால், வளைவில் பண்ணின தப்பை நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மறைத்துவிடலாம். 100 குதிரையில் அந்தப் பாச்சா பலிக்காது. வளைவில் கொஞ்சம் அதிகமாக பிரேக்கைத் தொட்டாலும் போச்சு... இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கிறதுக்குள் பின்னால் வருகிறவன் டாட்டா காட்டிவிட்டுப் போயிருப்பான்.

இன்னொரு விஷயம், காற்று. லாரிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? மிதிக்கவே ஈஸியாக இருக்குமே, அதே கதைதான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்து வழி பண்ணிக் கொடுப்பான். பின்னால் வருகிறவன் ஒட்டிக்கொண்டே வந்து கடைசி நேரத்தில் 'விர்ர்ர்'. அதனால் முதலிடத்தில் இருக்கிறவனுக்கு ஒரு நிமிஷம்கூட நிம்மதி கிடையாது!

சாம்பியன் ஆகாத சாம்பியன்!

அந்த 2014-ல் பிராண்ட்ஸ் ஹேட்ச், சில்வர்ஸ்டோன் என்று டிராக் டிராக்காகச் சுற்றிய பசங்களில், 14 வயசு லாண்டோ நாரிஸும் ஒருத்தர். 4 ரேஸ்களில் ஜெயித்தார். புதுமுகங்களுக்கான கோப்பையும் அவருக்குத்தான். ஆனால் சாம்பியன்ஷிப்பில்..? மூணாவது இடம்! பட்டம் வென்றவர் ஜாக் மிட்செல்.

நாரிஸ் 2019-ல் மெக்லாரன் அணிக்காக ஃபார்முலா 1-ல் நுழைந்தார். 2025-ல் உலக சாம்பியன்! மிட்செலும் சும்மா இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் ஜிடி ரேஸில் ஜிடி4 பிரிவின் பட்டத்தைத் தட்டினார். 2010-ல் ஜினெட்டா ஜூனியர் சாம்பியனான டாம் இங்ராம், 2022-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன். ஒரே வாசலில் நுழைந்தவர்கள்தான்... போன ரூட்டு வேற வேற!

ஆனா, துட்டு?

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசுவோம். கார் ஒண்ணுதான். ஆனால் அந்த காரில் உட்காருகிற வசதி எல்லோருக்கும் ஒண்ணா? காரின் விலை, மெக்கானிக் சம்பளம், டயர், முட்டி மோதினால் ரிப்பேர்... எல்லாம் அப்பா பாக்கெட்டில் இருந்துதான் வரணும். நாரிஸின் அப்பாவே பெரிய பிசினஸ் புள்ளி. துட்டு இருக்கிறவன் ரேஸ் இல்லாத நாட்களிலும் பிராக்டீஸ் பண்ணலாம். இல்லாதவன், ரேஸ் அன்றைக்குத்தான் ஸ்டீயரிங்கையே தொடுவான். இன்ஜினுக்கு சீல் வைக்கலாம், அப்பாவோட பர்ஸுக்கு சீல் வைக்க முடியாதே!

இதற்காகத்தான் ஒரு ஸ்காலர்ஷிப் வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிற திறமை, உடம்பு ஃபிட்னஸ், மைக்கை நீட்டினால் தடுமாறாமல் பேசுகிற தெம்பு... எல்லாவற்றிலும் டெஸ்ட். ஜெயிக்கிற ஒருத்தருக்கு ஒரு சீஸன் முழுக்க ஓசி! மைக் எதுக்குன்னு கேட்கிறீங்களா? அடுத்த வருஷச் செலவுக்கு ஸ்பான்ஸர் பிடிக்கணுமே! பேசத் தெரியாதவனுக்கு எவன் செக் கொடுப்பான்?

ஒரே ஒரு ஸீட்டு. மத்த பசங்க எல்லாம் அன்றைக்கு சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா காரில் ஏறியாகணும். அவர்களில் இன்னொரு நாரிஸ் இருந்தாரா? யாருக்குத் தெரியும்?

அடுத்த தடவை டி.வி-யில் ரேஸ் ஓடினால், யார் முதல்ல வர்றாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். மூணாவதா வர்ற பையன் மேலயும் ஒரு கண்ணு வையுங்க!