கூச்ச சுபாவமுள்ள அம்மா மேடையேறிய கதை

மேடைப் பேச்சு என்றாலே நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'அதெல்லாம் பதவியில இருக்கிறவங்க வேலை, நமக்கு அடுப்படி போதும்' என்று ஒதுங்கிவிடுவோம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு ஒரு துன்பம் என்றால்? எந்தச் சங்கத்திலும் சேராத, கூச்ச சுபாவமுள்ள ஓர் அம்மா ஊரறியப் பேசிய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் பெயர் ஜீன் மேன்ஃபோர்ட். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர். கணவர் பல் டாக்டர். மூத்த மகனை 1966-ல் பறிகொடுத்த குடும்பம். இன்னொரு மகன் மார்ட்டிக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை; ஆண்களிடம்தான் ஈர்ப்பு. இதைத்தான் தன்பாலீர்ப்பு என்கிறோம். அந்த நாளைய அமெரிக்காவில் டாக்டர்கள் இதை நோய் என்றார்கள். பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். பெற்றவர்களோ மானம் போய்விடுமே என்று வாய் திறப்பதில்லை.

1972 ஏப்ரலில் ஒரு பெரிய விருந்தில் தங்கள் உரிமைக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போன மார்ட்டியை அடித்து உதைத்துவிட்டார்கள். போலீசார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களே என்று தாய் கொதித்தார். 'நியூயார்க் போஸ்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தன் மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பதையும், அவனைத் தான் நேசிப்பதையும் மறைக்காமல் எழுதினார். ஏப்ரல் 29-ந் தேதி அது அச்சில் வந்தது.

ஜூன் மாத ஊர்வலத்தில் பெற்றோர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு மகனோடு நடந்தார். வழியெல்லாம் ஒரே கரகோஷம்! குழந்தை வளர்ப்புப் புத்தகத்தால் புகழ்பெற்ற டாக்டர் ஸ்போக் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தாராம் இந்த அம்மா. பிறகுதான் புரிந்தது. இளைஞர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "எங்க அம்மாகிட்ட நீங்க வந்து பேசுவீங்களா?" என்று கேட்டார்களாம். படிக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

1973 மார்ச் 11-ந் தேதி, ஒரு தேவாலயத்தில் முதல் கூட்டம். வந்தவர்கள் ஏறத்தாழ இருபதே பேர். அந்தச் சிறு கூட்டந்தான் இன்று நூற்றுக்கணக்கான கிளைகளோடு 'பிஃப்ளாக்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் இயங்குகிறது. ஜீன் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசினார். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. "என் மகன்" என்று கூசாமல் சொன்னார், அவ்வளவுதான். அதைக் கேட்ட மற்றத் தாய்மார்களுக்கும் வாய் திறக்கத் தைரியம் வந்தது. தலைமை என்பது இதுதானே!

மார்ட்டி வக்கீலாகி, 1992-ல் எய்ட்ஸ் நோயால் காலமானான். ஜீன் 2013 ஜனவரியில் 92 வயதில் மறைந்தார். அடுத்த மாதமே ஜனாதிபதி ஒபாமா அவருக்குக் குடிமக்கள் பதக்கம் அளித்துக் கௌரவித்தார்.

இதை என் தோழியிடம் சொன்னேன். "அதெல்லாம் சரிடீ, வளர்த்தது சரியில்லேன்னு நம்மளைத்தானே ஊர் சொல்லும்?" என்றாள். நியாயமான பயந்தான். ஆனால் தாயின் வளர்ப்பால் இது வருவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டன. நம் நாட்டிலும் வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு இரண்டு இளம் பெண்களின் வழக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்! அதன் பிறகு, வைத்தியத்தால் இதை 'மாற்றுகிறேன்' என்று யாரும் முயலக் கூடாது என்று உத்தரவிட்டார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நமக்கென்ன தயக்கம்?

சகோதரிகளே, நாளை உங்கள் மகனோ மகளோ தயங்கித் தயங்கி இப்படி ஒன்றைச் சொன்னால், முதலில் முழுக்கக் கேளுங்கள். கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். மந்திரிக்கவோ 'குணப்படுத்தவோ' அழைத்துப் போகாதீர்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று வேறொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். குழந்தையைக் கேட்காமல் உறவினரிடம் சொல்லவும் வேண்டாம். உங்களுக்கே மனம் தாளவில்லையென்றால் நல்ல மனநல மருத்துவரிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள், தப்பில்லை.

"நீ என் குழந்தைதான், சாப்பிட வா" என்று சொல்ல மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் எத்தனை பிள்ளைகள் வீட்டை விட்டு, ஏன், உயிரையே விட்டுப் போயிருக்கிறார்கள்!