ஹீட்டர் போட்டும் ஏன் குளிர்கிறது?

ஜனவரி மாத ஊட்டி. நாலைந்து நாளாக ஆள் தங்காத காட்டேஜ். மாலையில் போய்க் கதவைத் திறந்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகமாகக் குளிர்கிறது. ஹீட்டரைப் போட்டதும் காற்று சீக்கிரமே கதகதப்பாகிவிடுகிறது. ஆனாலும் நடுக்கம் நிற்பதில்லை. ஹீட்டர் சரியில்லை என்று மேலாளரைக் கூப்பிடுகிறோம். ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உறைபனி இரவுகளின் குளிரெல்லாம் சேர்ந்து கிடப்பது சுவரில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், அந்த அறைக் காற்றின் எடை ஏறத்தாழ 45 கிலோ. அதை 10 டிகிரி சூடேற்ற 2,000 வாட் ஹீட்டருக்கு நான்கு நிமிடம் போதும். 30 செ.மீ. கனமுள்ள நான்கு செங்கல் சுவர்களோ 25 டன்னுக்கு மேல். துளி வெப்பமும் வெளியே கசியாது என்று வைத்துக்கொண்டாலும், அவற்றை அதே 10 டிகிரி ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

சுவர் குளிர்ந்திருந்தால் நமக்கென்ன? நம் தோல் சுற்றியுள்ள பரப்புகளை நோக்கி அகச்சிவப்புக் கதிர்களை ஓயாமல் வீசுகிறது. சுவரும் பதிலுக்கு வீசுகிறது. சில்லிட்ட சுவரிடம் கொடுப்பது அதிகம், வாங்குவது குறைவு. சும்மா உட்கார்ந்திருப்பவர் இழக்கும் வெப்பத்தில் பாதியளவு இந்த வழியில்தான் போகிறது. காற்று 20 டிகிரி, சுவர் 10 டிகிரி என்றால் உடம்புக்கு ஏறக்குறைய 15 டிகிரி போலத்தான் இருக்கும்.

ஆகவே முதல் இரவில் வீட்டைச் சூடாக்கப் பாடுபடுவதைவிட ஆளைச் சூடாக்குவதே கெட்டிக்காரத்தனம். கட்டிலை வெளிச்சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். ஜன்னல் திரையை மூடுங்கள்; கண்ணாடிக்குப் போகும் கதிர்வீச்சைத் துணி தடுக்கும். கம்பளி நமுத்திருந்தால் முதலில் உலர்த்துங்கள். காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கால்மாட்டில் ஒரு லிட்டர் வெந்நீர்ப் பை வைத்தால், 60 டிகிரியிலிருந்து 35-க்கு இறங்குவதற்குள் அது சுமார் 100 கிலோஜூல் வெப்பம் தருகிறது. அதில் பெரும்பகுதி கம்பளிக்குள்ளேயே உடம்புக்குக் கிடைக்கிறது.

மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் வழிந்தால் ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறக்கத் தயங்க வேண்டாம். போவது அந்த 45 கிலோ காற்றின் வெப்பம் மட்டுமே. ஹீட்டர் அதைச் சில நிமிடங்களில் மீட்டுவிடும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு: கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவது. புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று கனலும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கை. தூங்குகிறவருக்கு அதுவும் இல்லை. கொடைக்கானலில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு.

மலைக்குக் கிளம்பும் முன் காட்டேஜுக்கு ஒரு போன் போடுங்கள். பகலில் திரையை விலக்கி வெயில் விழச் செய்து, மதியமே ஹீட்டரைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள். கரி அடுப்பு கொடுத்தால் வாசலிலேயே குளிர் காயுங்கள். படுக்கப் போகும்போது அது வெளியிலேயே இருக்கட்டும்.