கடாரத்து கேஸ்கெட், கருவாட்டு வாடை கம்ப்யூட்டர்: திருவள்ளூர் லான்சரைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

உலக ராலி சாம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு வருடம் வென்ற காரின் கூடப்பிறந்தது நம் திருவள்ளூரில்தான் தயாரானது, தெரியுமா? ஃபின்லாந்துக்காரர் டோமி மாக்கினென் 1996, 1997, 1998, 1999 என வரிசையாகப் பட்டம் வாங்கியது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில். அவர் பனியிலும் புழுதியிலும் அந்த காரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த அதே 1998இல்தான் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து இந்திய லான்சர் சாலைக்கு வந்தது. எவல்யூஷன் 4, 5, 6 மூன்றும் எந்தத் தலைமுறை லான்சரின் உடம்பில் கட்டப்பட்டனவோ, அதே தலைமுறை! எஞ்சின்தான் வேறு. அங்கே டர்போ வைத்த 2 லிட்டர் 4ஜி63. இங்கே சாதுவான ஒன்றரை லிட்டர் 4ஜி15.

அந்த எவல்யூஷன் பிறந்த கதையே ஒரு ஆச்சரியம். குரூப் ஏ ராலியில் ஒரு காரை இறக்க வேண்டுமானால், அதே காரை 2,500 எண்ணிக்கையில் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும் என்பது அன்றைய விதி. பந்தயத்தில் ஓடுவதற்காகவே ஒரு குடும்பக் காரை ஸ்போர்ட்ஸ் காராக்கி ஷோரூமில் நிறுத்தினார்கள். நான்கு கதவு, பின்சீட், டிக்கி எல்லாம் உண்டு. உள்ளே இருப்பது சாம்பியன்!

இன்று அந்தத் தலைமுறைக்கு வயது 25ஐத் தாண்டிவிட்டது. ஷோரூம் போய்விட்டது, கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் அரிதாகிவிட்டன. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ஒருவர் வீட்டில் லான்சர் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு வாட்டர் பம்ப் போனால் எங்கே போவார்? ஜெயங்கொண்டம் கடையில் மாருதிக்கும் மஹிந்திராவுக்கும் எல்லாம் இருக்கும். லான்சர் என்றதும் உதட்டைப் பிதுக்குவார்கள். அடுத்த யோசனை திருச்சி, அதற்கடுத்து சென்னை புதுப்பேட்டை. புதுப்பேட்டையிலும் இல்லை என்றால்?

கடாரம் இருக்கிறது! இந்த விஷயத்தில் என்னை அசரவைத்தது இதுதான். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போய் இறங்கிய கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா. அந்த மலேசியாவின் தேசியக் கார் கம்பெனியான புரோட்டான் 1983இல் தொடங்கப்பட்டதே மிட்சுபிஷியின் கைபிடித்துத்தான். 1985இல் வந்த புரோட்டான் சாகா, 1993இல் வந்த புரோட்டான் வீரா எல்லாம் மிட்சுபிஷி வடிவங்களின் வாரிசுகள். வீராவின் ஒன்றரை லிட்டர் மாடலில் இருந்த எஞ்சின் எது தெரியுமா? அதே 4ஜி15! திருவள்ளூர் லான்சரின் எஞ்சின் குடும்பம், ஷா ஆலம் ஆலையிலிருந்து லட்சக்கணக்கில் மலேசியச் சாலைகளுக்குப் போனது. நம் ஊரில் அபூர்வமாகிப்போன கேஸ்கெட்டும் ஆயில் சீலும் அங்கே தெருமுனைக் கடைச் சரக்கு. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு சொந்தக்காரர் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர் பெட்டியில் மைலோ டின்னுக்குப் பக்கத்தில் ஒரு ஹெட் கேஸ்கெட்டுக்கும் இடம் கேட்கலாம். ஒரே எச்சரிக்கை: 4ஜி15 என்ற பெயரிலேயே பல வகை உண்டு. வால்வு எண்ணிக்கை, கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா, பார்ட் நம்பர் என மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் பணம் கட்டுங்கள்.

ஜப்பானும் இந்தியாவும் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகள் என்பது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்ததுண்டா? இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான ஹெட்லைட், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்காமல் இடது ஓரத்தைத் தூக்கிக் காட்டும்படி வார்க்கப்பட்டிருக்கும். அமெரிக்காவிலிருந்து ஹெட்லைட் வாங்கினால் எல்லாம் தலைகீழ். டாஷ்போர்டு, ஸ்டீயரிங் ராக், வைப்பர் லிங்கேஜ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஜப்பான், மலேசியா, இலங்கை, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய இடப்பக்க நாடுகளின் பழைய சரக்கு முழுவதும் நமக்குப் பொருந்தும் திசையில் இருக்கிறது!

சரி, ஜப்பானில் நல்ல நிலையில் உள்ள கார்களை ஏன் கழட்டுகிறார்கள்? அங்கே 13 வயது தாண்டிய பெட்ரோல் காருக்கு வருடாந்தர வரி சுமார் 15 சதவீதம் ஏறும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘ஷாகென்’ என்ற கடுமையான சோதனை வேறு. செலவைப் பார்த்து உரிமையாளர் கையை விரித்ததும் வண்டி கழட்டுமிடத்துக்குப் போகிறது. அங்கிருந்து மலேசியாவுக்குப் போவது ‘ஹாஃப்-கட்’. காரின் முன்பாதியை எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங் உட்பட அப்படியே அறுத்து ஒரே துண்டாக விற்பார்கள். பாதிக் கார்! ஒரு திருகாணிகூட காணாமல் போகாமல்!

ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கழட்டுவதன் வலி கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெரியாததல்ல. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, ராஜேந்திரனின் கோயில் மதில் கற்களைப் பெயர்த்துத்தான் கொண்டுபோனார்கள். அணை நின்றது, பாசனம் வந்தது, மதில் போனது.

அடுத்தது மூக்கைப் பிடிக்கவைக்கும் அதிசயம். பழைய ஜப்பானியக் காரின் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்தால் கருவாட்டு வாடை வரும், தெரியுமா? 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் ஜப்பானில் செய்த சில வகைக் கெப்பாசிட்டர்களுக்குள் ஊற்றிய திரவம், வருடங்கள் போகப்போக அடியில் கசிந்து பலகையை அரிக்கும். அந்தக் கசிவின் வாடை அச்சாக மீன் வாடை! முதல் மூன்று எவல்யூஷன்களுக்கும், அவற்றுக்கு முன்னோடியான காலன்ட் விஆர்-4க்கும் இது உலகப் பிரசித்தி பெற்ற நோய். வண்டி காரணமில்லாமல் வழியில் நின்றுபோகும், ஐடிலிங் ஏறி இறங்கும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், பெட்ரோல் பம்பை மாற்றுவார், ஆயிரக்கணக்கில் செலவாகும். உண்மையான குற்றவாளி சில ரூபாய் மதிப்புள்ள கெப்பாசிட்டர். பலகை அரிபடும் முன்பே பிடித்துவிட்டால், டிவி ரிப்பேர் பார்த்துப் பழகிய கை அதைச் சால்டர் செய்து மாற்றிவிடும். 25 வயது தாண்டிய எந்த ஜப்பானிய எஞ்சின் கம்ப்யூட்டரையும் ஒருமுறை திறந்து முகர்ந்து பார்ப்பது நல்லது.

எண்களுக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம் தெரியுமா? ஆல்டர்னேட்டர் கத்துகிறது, பேரிங் போய்விட்டது என்று வையுங்கள். கம்பெனி பெட்டியில் அந்த பேரிங் கிடைக்காது. ஆனால் பழைய பேரிங்கின் விளிம்பைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், 6203 என்பதுபோல ஒரு எண் தெரியும். அது லான்சரின் எண் அல்ல, உலகத்தின் எண்! 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நாடு, எந்த கம்பெனி செய்தாலும் இதே அளவு. 04இலிருந்து மேலே போனால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும், உள்விட்டம் வந்துவிடும். 6204க்கு 20 மில்லிமீட்டர். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் அலமாரியில் இந்த பேரிங்குகள் அடுக்கடுக்காக இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விடாதீர்கள். இருபுறமும் ரப்பர் மூடியா, தகட்டு மூடியா, சூட்டில் விரிய உள்ளே கூடுதல் இடைவெளி விட்ட சி3 வகையா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆயில் சீலுக்கும் இப்படித்தான் மூன்று எண்கள்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். மிட்சுபிஷியின் சொந்தப் பார்ட் நம்பர்களிலும் ஒரு ஒழுங்கு உண்டு. எம்டி என்று தொடங்கி ஆறு இலக்கம் வந்தால் அது பெரும்பாலும் எஞ்சின் சமாசாரம். சேஸிஸ் நம்பரை எலெக்ட்ரானிக் கேட்டலாக்கில் போட்டால் உங்கள் வண்டிக்கே உரிய நம்பர் வரும். “லான்சருக்கு ஒரு பம்ப் வேணும்” என்று கேட்பவருக்கு இல்லை என்ற பதில் வரும். நம்பரைக் காட்டிக் கேட்பவருக்குக் கடைக்காரர் ஏணி போட்டு ஏறுவார்.

சுவாமிமலைச் சிற்பிகளுக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்? மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சுட்டு மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில்தான் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பிறந்தன. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலிலும் அவை இருக்கின்றன. எஞ்சின் புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் செய்வதும் அடிப்படையில் இதே மெழுகு வார்ப்பு முறைதான்! களிமண்ணுக்குப் பதில் செராமிக், செம்புக்குப் பதில் நிக்கல் கலவை. உள்ளங்கையில் அடங்கும் சக்கரம், செங்கனல் சூட்டில் சுழல்கிறது. கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில்நுட்பம் இல்லாமல் எவல்யூஷனுக்கு வேகமே கிடையாது.

அரியலூர் மாவட்டத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கென்றே ஒரு ஆச்சரியம் உண்டு. கல்லங்குறிச்சிப் பக்கம் சிமென்ட்டுக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி வருடத்துக்கு முன் இங்கிருந்த கடலின் சிப்பிகள் படிந்து உருவானது. லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதியாக அது காரின் ஏர் ஃபில்டரில் வந்து உட்காருகிறது. டைனோசர் காலத்துக் கடல் உங்கள் பானெட்டுக்குள்! புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு இந்த ஊருக்குப் பொருந்தாது. ஃபில்டரை இரண்டு மடங்கு அடிக்கடி கழட்டிப் பாருங்கள். பெட்டி மூடியின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தால் புது ஃபில்டர் போட்டும் புண்ணியமில்லை. புழுதி பக்கவாட்டில் நுழைந்து பிஸ்டன் ரிங்கைத் தின்னும்.

நிற்கும் கார் ஓடும் காரைவிட வேகமாகக் கெடும் என்பதும் பலருக்குத் தெரியாது. டைமிங் பெல்ட் ஒரு ரப்பர் பொருள். வண்டி ஷெட்டிலேயே இருந்தாலும் அதற்கு வயது ஏறுகிறது. எவல்யூஷனின் 4ஜி63இல் இன்னொரு கண்டமும் உண்டு. எஞ்சின் அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சின்ன பெல்ட் தனியாக ஓடும். அது அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் இழுத்துவிடும், வால்வுகள் வளைந்துவிடும். இந்த ஒரு இடத்தில் டூப்ளிகேட் வாங்கவே கூடாது. நல்ல பெல்ட் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருப்பது மேல். பெட்ரோலும் மாறிவிட்டது. இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களின் ரப்பர் அதற்குத் தயார். 1998இன் ரப்பர் குழாய்க்கு எத்தனால் என்றால் என்னவென்றே தெரியாது. பெட்ரோல் ஹோஸ்கள் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்துவதும் ஆகாது.

ஜப்பானிய கம்பெனிகளே மனம் மாறியது தெரியுமா? நிறுத்திப்போட்ட பார்ட்ஸை மறுபடி அச்சேற்றுகிறார்கள்! நிசான் 2017 டிசம்பரில் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32க்கு ‘நிஸ்மோ ஹெரிடேஜ்’ பார்ட்ஸைத் தொடங்கியது. டொயோட்டா 2020இல் பழைய சுப்ராவுக்குத் தொடங்கியது. ஹோண்டா தன் என்எஸ்எக்ஸைத் தொழிற்சாலைக்கே வரவழைத்துப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 1993இலேயே ஆரம்பித்துவிட்டது. மஸ்தா செய்தது எல்லாவற்றுக்கும் மேல். முதல் தலைமுறை ரோட்ஸ்டரின் மடக்குக் கூரை, நார்டி மர ஸ்டீயரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர் வரை திரும்ப உருவாக்கினார்கள். ஒரு டயரின் பழைய வார்ப்பைக்கூட விடவில்லை!

நம் சட்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும், அதன்பின் ஆர்.டி.ஓ. சோதனையில் தேறினால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ‘விண்டேஜ்’ என்ற தனி மரியாதை 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான். திருவள்ளூரின் முதல் லான்சர் அதற்கு 2048 வரை உயிரோடு இருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். மீன்சுருட்டியிலோ உடையார்பாளையத்திலோ தார்ப்பாய் போர்த்தி ஒரு லான்சர் நின்றுகொண்டிருந்தால், இரும்பு விலைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஓடவே ஓடாது என்று மெக்கானிக் கைவிட்டாலும், அதன் கதவும் கண்ணாடியும் எஞ்சின் மவுண்டும் இன்னொரு லான்சரை ஓடவைக்கும். விற்றே ஆக வேண்டும் என்றால், முழு வண்டியாக, இன்னொரு லான்சர் வைத்திருப்பவரிடமே விற்றுவிடுங்கள்.