எலும்புக்குள் இறங்கும் ஆவி: பென்சீனும் இரத்தம் ஊறும் மஜ்ஜையும்

மூச்சோடு உட்செல்லும் ஒரு வேதிப்பொருள், நுரையீரலோடு நின்றுவிடாமல் இரத்தத்தில் கலந்து, கல்லீரலைக் கடந்து, எலும்பின் உட்புழையில் உள்ள மஜ்ஜை வரை சென்று, அங்கே பிறந்துகொண்டிருக்கும் உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கக்கூடும் என்பதை நூறாண்டுக்கும் மேலான மருத்துவ ஆய்வுகள் நிறுவியுள்ளன. இதற்கு மிகத் தெளிவான சான்றாக அமைந்தது பென்சீன். கச்சா எண்ணெயிலும் நிலக்கரித் தாரிலும் இயல்பாகவே உள்ளதும், நிறமற்றதும், இனிய மணம் கொண்டதும், எளிதில் ஆவியாவதுமான இந்த நீர்மத்தை இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1825-இல் பிரித்தெடுத்தார். ரப்பரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பசையையும் நொடியில் கரைக்கும் ஆற்றல் இருந்ததால் தொழிற்கூடங்கள் அதை விரும்பி வாங்கின. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களின் இரத்தம் வற்றத் தொடங்கியது என்பது பின்னரே தெரியவந்தது.

இரத்தம் ஊறும் இடம்

மஜ்ஜை என்பது இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு முதலியவற்றின் உள்ளே பஞ்சுபோல் அமைந்த மென்மையான திசு ஆகும். உயிர்க்காற்றைச் சுமக்கும் சிவப்பணுக்கள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள், இரத்தப்போக்கை நிறுத்தும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கேதான் தோன்றுகின்றன. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்களும் தட்டணு 8 முதல் 10 நாள்களும் மட்டுமே வாழ்வதால், மறைந்தவற்றின் இடத்தை நிரப்ப மஜ்ஜை ஒரு நாளுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக உருவாக்க வேண்டியுள்ளது.

இவ்வளவுக்கும் மூலமாக இருப்பவை, எண்ணிக்கையில் மிகச் சிலவான இரத்தக் குருத்தணுக்கள் ஆகும். தன்னைப் போன்ற மற்றோர் அணுவையும், பல்வகை இரத்த அணுக்களாக வளரக்கூடிய வழித்தோன்றல்களையும் ஈன்றளிக்கும் அணுவே குருத்தணு எனப்படுகிறது. இத்தகைய அணுக்கள் மஜ்ஜையில் உள்ளன என்பதற்கான சோதனைச் சான்றை 1961-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். குருத்தணு நீண்டகாலம் வாழ்வது என்பதால், அதில் ஏற்படும் ஒரு பிழை அதன் வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் கடத்தப்படுகிறது.

சேதமும் சீரமைப்பும்

டி.என்.ஏ. என்பது உயிரணு செயல்படுவதற்கான கட்டளைகளைத் தாங்கிய, இரு இழைகள் முறுக்கிக்கொண்ட நீண்ட மூலக்கூறு. அது புரதங்களோடு சேர்ந்து சுருண்டு அமைந்த வடிவமே குரோமோசோம். புறப்பொருள் எதுவும் தீண்டாத நிலையிலும், உடலின் சொந்த வேதிவினைகளால் ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.வும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில் பழுதுபடுகிறது. பழுதான பகுதியை வெட்டி நீக்கியும், அறுந்த இழையை ஒட்டியும் அவற்றைச் செப்பனிடும் நொதிகள் உயிரணுவுக்குள் இடைவிடாது இயங்குகின்றன. இச்செயல்முறைகளை விளக்கியமைக்காகத் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சன்ஜார் ஆகியோருக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரு இழைகளில் ஒன்று மட்டும் பழுதானால், மற்ற இழையைப் படியாகக் கொண்டு சீரமைப்பது எளிது. இரண்டும் ஒரே இடத்தில் அறும்போது பார்த்து எழுதுவதற்கான படி அருகில் இல்லாமல் போவதால், முனைகள் தவறாக ஒட்டிக்கொள்ளவும், ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றில் சென்று இணையவும் வாய்ப்பு ஏற்படுகிறது. மிகுந்த சேதமுற்ற அணு தானே மடிந்துவிடுவது உடலுக்கு ஒரு காப்பு என்றாலும், அவ்வாறு மடிபவை பெருகும்போது மஜ்ஜை வறண்டு சோகை உண்டாகிறது. மடியாமல் பிழையோடு பெருகும் அணுவோ, மேலும் சில பிழைகள் சேரும்போது இரத்தப் புற்றுநோய்க்கு வித்தாகிறது.

தொழிற்கூடங்களில் வெளிப்பட்ட உண்மை

சுவீடனில் மிதிவண்டி டயர் செய்யும் தொழிற்கூடத்தில் வேலைசெய்த பெண்களுக்கு, மஜ்ஜை வற்றுவதால் வரும் கடுமையான சோகையும் இரத்தக்கசிவும் ஏற்பட்டதை 1897-இல் சாண்டெசன் என்னும் மருத்துவ அறிஞர் பதிவுசெய்தார். ரப்பரைக் கரைக்கப் பயன்பட்ட பென்சீனே அதற்குக் காரணம் எனவும் அவர் சுட்டினார். பென்சீனோடு தொடர்புடைய இரத்தப் புற்றுநோய் 1928-இல் பிரான்சில் டெலோர், போர்கோமானோ ஆகியோரால் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது.

துருக்கியின் இஸ்தான்புல் நகரில், காற்றோட்டமில்லாத சிறு கூடங்களில் பென்சீன் கலந்த பசையைக் கொண்டு காலணி செய்தவர்களை ஆராய்ந்த மருத்துவர் முசாஃபர் அக்சோய், அத்தொழிலில் ஈடுபட்ட சுமார் 28,500 பேரில் 26 பேருக்குக் கடும் இரத்தப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ இருந்ததை 1974-இல் வெளியிட்டார். இது பொதுமக்களிடையே எதிர்பார்க்கப்படும் அளவைவிட ஏறத்தாழ இருமடங்காகும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரப்பர் படலம் தயாரித்த தொழிலாளர்கள் பற்றி 1977-இல் வெளிவந்த ஆய்வும் இதையே உறுதிசெய்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் தொகுதியில் பென்சீனைச் சேர்த்துள்ளது.

நஞ்சு மஜ்ஜையிலேயே முதிர்வது எவ்வாறு?

பென்சீன் நேரடியாக டி.என்.ஏ.வைத் தாக்குவதில்லை, அதை வெளியேற்றுவதற்காக உடல் செய்யும் முயற்சியே அதை நஞ்சாக்குகிறது. சி.ஒய்.பி. 2ஈ1 என்னும் கல்லீரல் நொதி, நீரில் எளிதில் கரையாத பென்சீனைச் சிறுநீரில் கழியத்தக்க பொருளாக மாற்ற முற்படும்போது, ஃபீனால், ஹைட்ரோகுயினோன் போன்ற இடைப்பொருள்கள் உண்டாகின்றன. இவற்றுள் ஒரு பகுதி இரத்த ஓட்டத்தோடு மஜ்ஜையை அடைகிறது. அங்கே கிருமிகளைக் கொல்வதற்காக வெள்ளையணுக்களின் முன்னோடிகள் சேமித்து வைத்திருக்கும் மயலோபெராக்சிடேஸ் என்னும் நொதி, ஹைட்ரோகுயினோனைப் பென்சோகுயினோனாக மாற்றுகிறது. கிருமியை அழிக்க வைத்த கருவியே இங்கு மஜ்ஜைக்கு எதிராகத் திரும்புகிறது.

பென்சோகுயினோன் புரதங்களோடும் டி.என்.ஏ.வோடும் பிணைவதோடு, டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்துவதற்காக இரு இழைகளையும் வெட்டி மீண்டும் ஒட்டும் டோபோஐசோமரேஸ் 2 என்னும் நொதியின் வேலையையும் குலைக்கிறது. ஒட்டும் பணி தடைபடும்போது வெட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

இந்த நஞ்சைத் தணிக்கும் நொதியும் உடலில் உண்டு. என்.க்யூ.ஓ. 1 எனப்படும் அது பென்சோகுயினோனை மீண்டும் தீங்கு குறைந்த வடிவுக்குக் கொண்டுவருகிறது. பிறவியிலேயே அந்நொதி செயலற்றவர்களாகவும், அதேவேளை கல்லீரல் நொதி விரைந்து இயங்குபவர்களாகவும் இருந்த சீனத் தொழிலாளர்களுக்குப் பென்சீன் நஞ்சேறும் வாய்ப்பு 7 மடங்குக்கும் அதிகமாக இருந்ததை 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரே கூடத்தில் ஒரே காற்றைச் சுவாசித்த இருவரில் ஒருவர் நோயுறவும் மற்றவர் நலமாக இருக்கவும் நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும். ஆகவே ஒருவர் நலமாக இருப்பதை, அந்தக் காற்று தூயது என்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

சேதத்தை அளக்கும் முறைகள்

சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும் இயல்புடையது. குரோமோசோம் உடைந்திருந்தால், உட்கரு வெளியேறிய பின்னும் உடைந்த துணுக்கு மட்டும் உள்ளே சிறு புள்ளியாகத் தங்கிவிடுகிறது. நுண்ணுட்கரு எனப்படும் இப்புள்ளிகளை எலியின் மஜ்ஜையில் எண்ணி, ஒரு பொருள் மரபுப்பொருளைச் சிதைக்குமா என மதிப்பிடுவது இன்று உலகெங்கும் கையாளப்படும் சோதனையாகும். மனிதரில் இத்தகைய அணுக்களை மண்ணீரல் வடிகட்டிவிடுவதால், வெள்ளையணு வகைகளில் ஒன்றான நிணவணுக்களில் அவை எண்ணப்படுகின்றன.

மற்றொரு முறையில், தனி உயிரணுக்களைக் கூழ்ப்படலத்தில் பதித்து மின்புலத்தில் வைக்கும்போது, அறுந்த டி.என்.ஏ. வால்போல் நீண்டு வால்நட்சத்திர வடிவம் கொள்கிறது; வாலின் அளவே சேதத்தின் அளவாகக் கொள்ளப்படுகிறது. 1984-இல் சுவீடனில் தோன்றிய இம்முறையை 1988-இல் நரேந்திர சிங்கும் உடனாய்வாளர்களும் செம்மைப்படுத்தினர்.

பாதுகாப்பான அளவு உண்டா?

அமெரிக்கப் பணியிடங்களில் அனுமதிக்கப்பட்ட பென்சீனின் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு என்பதிலிருந்து 1 பங்காக 1978-இல் குறைக்கப்பட்டது. 1980-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்ததால், அதே வரம்பு மீண்டும் நடைமுறைக்கு வர 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. சீனாவின் தியான்ஜின் நகரில் காலணித் தொழிலாளர்கள் 250 பேரையும் பென்சீன் தொடர்பற்ற 140 பேரையும் ஒப்பிட்டு 2004-இல் வெளிவந்த ஆய்வோ, அந்த ஒரு பங்குக்கும் குறைவான பென்சீன் கொண்ட காற்றைச் சுவாசித்தவர்களிடமே வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்ததையும், முதிர்ந்த அணுக்களைவிட முன்னோடி அணுக்கள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்ததையும் வெளிப்படுத்தியது. காற்றிலுள்ள பென்சீனுக்குப் பாதுகாப்பான அளவு என எதையும் பரிந்துரைக்க இயலாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவில் 2009-இல் வகுக்கப்பட்ட காற்றுத் தர விதிகள், ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என வரையறுக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 எரிபொருள் தரத்தின்படி, பெட்ரோலில் அது 1 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது.

அன்றாடக் காப்பு

பென்சீன் மூச்சின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உட்புகும் என்பதால், கையில் படிந்த கிரீசையும் பெயின்ட்டையும் பெட்ரோலால் கழுவுவதும், குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதும் கட்டாயம் கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள் ஆகும். பசை, தின்னர், வார்னிஷ் ஆகியவற்றைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே கையாள வேண்டும். மூடிய கொட்டகையில் வண்டியின் எஞ்சினை ஓடவிடுதல் கூடாது. புகைபிடிப்போருக்குப் பென்சீன் வந்துசேரும் முதன்மையான வழி சிகரெட் புகையே என்பதும், அதே அறையில் இருக்கும் குழந்தைகளும் அதைச் சுவாசிக்கிறார்கள் என்பதும் நினைவில் இருத்தப்பட வேண்டியவை.

பெட்ரோல் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, அச்சகம், வாகனப் பட்டறை போன்ற இடங்களில் ஆவியோடு பழகுபவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் முழு இரத்த அணுக்கணக்குப் பரிசோதனை செய்துகொள்வதும், தங்கள் தொழிலை மருத்துவரிடம் தவறாமல் கூறுவதும் நலம் பயக்கும். காரணமில்லாத சோர்வு, வெளிறிய தோல், அடிக்கடி வரும் காய்ச்சல், ஆறாத வாய்ப்புண், ஈறுகளில் இரத்தக்கசிவு, அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டுகள் ஆகியன தொடருமானால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

ஆயினும் பரிசோதனை, ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை மட்டுமே காட்டும்; மஜ்ஜையில் பிழை நுழைந்த நாளுக்கும் அது நோயாக வெளிப்படும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடக்கூடும். இதனாலேயே 1971-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றியதும் 1991-இல் இந்தியா ஏற்றதுமான பென்சீன் உடன்படிக்கை, தீங்கு குறைந்த மாற்றுப்பொருள் கிடைக்கும் இடங்களிலெல்லாம் அதையே பயன்படுத்த வேண்டும் என்றும், கருவுற்ற பெண்களையும் பாலூட்டும் தாய்மாரையும் 18 வயதுக்குட்பட்டோரையும் பென்சீன் படும் வேலைகளில் ஈடுபடுத்தலாகாது என்றும் வலியுறுத்துகிறது. இஸ்தான்புல் காலணிக் கூடங்களில் பசையிலிருந்து பென்சீன் படிப்படியாக விலக்கப்பட்ட பின் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததை அக்சோய் தம் பிற்கால ஆய்வுகளில் பதிவுசெய்தார். அங்கே தொழிலாளர்களின் மஜ்ஜையைக் காத்தது புதிய மருந்து எதுவும் அன்று. மாற்றப்பட்ட பசையே ஆகும்.