கிருமிகளின் கைமாற்று

நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும், மருந்தை முறையின்றி உண்டால் அவையும் நோய்க்கிருமிக்குத் துணைபோகக்கூடும்.

1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் சில, நான்கு மருந்துகளை ஒருங்கே எதிர்த்து நின்றன. அதன் காரணத்தை அந்நாட்டு ஆய்வாளர்கள் 1959ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். குடலில் வாழும் ஈ.கோலி என்னும் பாக்டீரியா, தன் எதிர்ப்பாற்றலைச் சீதபேதிக் கிருமிக்கு வழங்கவல்லது. ‘பிளாஸ்மிட்’ என்னும் சிறு மரபணு வளையமே அவ்வாறு கைமாறுகிறது. கொடுத்த கிருமியும் அதனை இழப்பதில்லை. ஒரு படி அதனிடமே தங்கிவிடுகிறது.

மருந்து உண்ணுந்தோறும் எளிய கிருமிகள் மடியும். எதிர்ப்பவையே எஞ்சிப் பெருகும். ஆதலால் பெற்றோர்களே, எஞ்சிய மாத்திரைகளைச் சேர்த்துவைத்து உண்பதும், அண்டை வீட்டாருக்கு அளிப்பதும் வேண்டா. மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாள்வரை உண்பீர்களாக! இன்று காக்கும் மருந்து, நம் பிள்ளைகளையும் காக்கட்டும்.