பாசி போகலையா பாஸ்?

மறைமலை நகர் வீட்டு ஹால்ல மீன் தொட்டி வெச்சிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை தேய்ச்சுக் கழுவினா, வெள்ளிக்கிழமையே கண்ணாடி மறுபடி பச்சையா? உடனே கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு ஓடி ஒரு 'டேங்க் கிளீனர்' மீன் வாங்கிடாதீங்க, ப்ளீஸ்!

பாசிக்குத் தேவை வெளிச்சமும் சாப்பாடும்தான். ஜன்னலோரத் தொட்டின்னா நம்ம ஊர் வெயில் அதுக்கு விருந்து, இடத்தை மாத்துங்க. லைட் தினமும் 6 முதல் 8 மணி நேரம் போதும். மீன் 2 நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு தீனி போடுங்க. மிச்சம் அழுகினா நைட்ரேட், பாஸ்பேட்டுன்னு பாசிக்கு உரமாயிடும். வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்துங்க. ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணியிலயே அலசுங்க. குழாய்த் தண்ணி குளோரின், கழிவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொன்னுடும்.

சரி, டேங்க் கிளீனர் மேல ஏன் இவ்வளவு கோபம்? இந்தத் தென் அமெரிக்க விருந்தாளி குட்டியா இருக்கறப்ப பாசி மேயும். வளர்ந்தா ஓரடியைத் தாண்டும். பாசியை மறந்துட்டு, அதுக்கு உரமாகிற கழிவை அள்ளிப் போடும். அப்புறம் நம்மாளுங்க ராத்திரியோட ராத்திரியா ஏரியில விட்டுடறாங்க. தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல அது இப்படிப் பெருகி, முள்ளால வலையைக் கிழிக்குது. வாங்கவும் ஆளில்லை. பாவம், மீனவர்கள்!

ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. செங்கல்பட்டு கொளவாய் ஏரி பக்கத்துலதானேன்னு கிளம்பிடாதீங்க!