கொழுப்பை அளக்கத் தையல் டேப் போதும்

வெறுங்காலோடு ஏறி நின்றால் நிறையோடு சேர்த்து, உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எத்தனை என்றும் காட்டும் தராசுகள் இப்போது ஒன்லைனில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்ப, பலாங்கொடைத் தோட்டத்து லயங்கள் வரைக்கும் அவை வந்து சேர முடியும். திரையில் 31.4 என்று புள்ளி வைத்து எண் விழும்போது யாருக்கும் நம்பத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தராசு கொழுப்பை அளப்பதே இல்லை.

அது அளப்பது மின்தடையை. உணர முடியாத அளவு மின்சாரத்தை ஒரு காலில் ஏற்றி மறுகாலில் இறக்குகிறது. நீர் மிகுந்த தசை அதைச் சுலபமாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். கிடைத்த தடையோடு நாம் பதிந்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சூத்திரத்தில் போட்டு மிச்சத்தை ஊகிக்கிறது. காலுக்குக் கால் ஓடும் மின்சாரம், நாம் பயப்பட வேண்டிய தொப்பையைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பதை யார் நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள்? இந்தத் தராசின் கணக்கும் தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது. நாள் முழுக்க வெயிலில் கொழுந்தெடுத்து, தண்ணீர் குடிக்காமல் வந்து ஏறினால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். காய்த்து வெடித்த பாதமும் கணக்கைக் குழப்பும். வாங்கிவிட்டவர்கள் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, வெறும் வயிற்றில் ஏறிப் பார்க்கலாம். ஒருநாள் எண்ணைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதே பயன். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

வெறும் நிறை போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு படம் சாட்சி. பூனாவின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜோன் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தெற்காசிய உடம்பு மெலிந்து தெரிந்தாலும் உள்ளே கொழுப்பைச் சேர்த்து வைக்கும். பிறக்கும்போதே அப்படித்தான்: பூனாவில் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகளைவிட ஏறத்தாழ 800 கிராம் குறைவாக இருந்தும், கொழுப்பில் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று யாஜ்னிக்கின் குழு காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 2004இல், ஆசியர்களுக்கு 25 வரை காத்திராமல் பிஎம்ஐ 23இலேயே விழித்துக்கொள்ளச் சொன்னது.

தோட்டத்துக்கு இது இன்னும் நெருக்கமான சங்கதி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். சிறு வயதில் பசியோடு வளர்ந்த உடம்புக்கு, பின்னாளில் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் கிடைத்தால், கை கால் மெலிந்தபடியே இருக்க வயிறு மட்டும் முன்னுக்கு வரும். நிறை பார்க்கும் தராசு இதைப் பிடிக்காது.

பிடிப்பது தையல் பெட்டியில் கிடக்கும் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணி விலக்கி, தரைக்குச் சமமாகச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் எண்ணைப் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. டேப்பை இறுக்கவும் கூடாது. சேலை கட்டும் இடத்திலோ காற்சட்டை நிற்கும் இடத்திலோ அளந்தால் வேறு எண் வரும். துணி டேப் பழசானால் இழுபட்டு நீளும், அதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்றிமீற்றர், ஆணுக்கு 90 என்பதே சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் எல்லை. சுற்றளவு உயரத்தின் பாதியைத் தாண்டக் கூடாது என்ற இன்னொரு கணக்கும் உண்டு. நம் பெண்களுக்கு அதுதான் பொருத்தம் என்பேன். 148 சென்றிமீற்றர் உயரமானவருக்கு எல்லை 74. எண்பது வரை அவர் பொறுத்திருந்தால் பிந்திவிடும்.

வீத எண்ணேதான் வேண்டும் என்றால் டேப்பே அதையும் தரும். அமெரிக்கக் கடற்படைக்காக 1984இல் ஹொட்ஜ்டனும் பெக்கெட்டும் வகுத்த சூத்திரம் கழுத்து, வயிறு, உயரம் ஆகியவற்றைக் கேட்கும். பெண்களுக்கு இடுப்பும் சேரும். 165 சென்றிமீற்றர் உயரம், 60 கிலோ, கழுத்து 36, வயிறு 88 என்று ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 22, குறையே சொல்ல முடியாது. சூத்திரமோ கொழுப்பு 22 வீதத்துக்கு மேல் என்கிறது. வயிற்றில் டேப் இரண்டு சென்றிமீற்றர் பிசகினால் அது 24ஐத் தொடும். சூத்திரமும் அமெரிக்கக் கடற்படையினரின் உடம்பை வைத்து எழுதியது. ஆகவே வீதத்தை விட்டு, வயிறு 88, பாதி உயரம் 82.5 என்பதைப் பார்த்தாலே அவருக்குப் போதும்.

எல்லையைத் தாண்டியவர் அடுத்ததாகச் செய்ய வேண்டியது வெறும் வயிற்றுச் சீனிப் பரிசோதனையும் பிரஷரும். அரசு ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் நடந்துவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இரண்டையும் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கே போகும் நாளில் பேர் விழாது, சம்பளமும் கிடைக்காது என்பதுதான் தோட்டத்தில் பலரையும் தடுக்கிறது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து யார் உடனே போக வேண்டும், யார் அடுத்த விடுமுறைவரை பொறுக்கலாம் என்று வீட்டிலேயே முடிவெடுக்க அந்த டேப் உதவும்.